நீலக் கண்ணை மூடுவது எப்படி

அப்பாவுக்குக் கண்புரை அறுவை முடிந்தது. மாடிப்படி ஏற வேண்டாம் என்று ஹாலிலேயே கட்டில் போட்டுக் கொடுத்தோம். அன்று இரவுதான் அந்த விளக்கு எங்கள் கண்ணில் பட்டது. சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த ஃபைபர் இணையப் பெட்டியில் ஒரு நீல விளக்கு. பகலில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ட்யூப்லைட்டை அணைத்ததும் ஹால் முழுவதும் மீன்தொட்டி நிறத்துக்கு மாறிவிட்டது. "அந்தக் கண் ராத்திரியில் மூடாதா?" என்று கேட்டார் அப்பா. இரண்டு நிமிட வேலை அப்பா, இப்போது மூடிவிடுகிறேன் என்றேன்.

அது நடந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் போய்த் தேடினேன். கடவுச்சொல் மாற்றலாம், வைஃபை பெயர் மாற்றலாம், மொழியைக்கூட மாற்றலாம். விளக்கை அணைக்க வழியில்லை. வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். எதிர்முனையில் இருந்த பெண் மிகப் பொறுமையாக, "விளக்கு எரிந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் சார்" என்றார். தெரியும் அம்மா, அது நன்றாக இருப்பதுதான் பிரச்சினை என்றேன். புகார் எண் ஒன்று தந்தார். கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு வெட்டி விளக்கின்மேல் ஒட்டினேன். அப்பா தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

இரண்டு நிமிட வேலை என்று நான் வாய்விட்டதற்குக் காரணம் இருக்கிறது. இதற்கு முன்னால் என்னிடம் இருந்த பெட்டியில் அது உண்மையிலேயே இரண்டு நிமிட வேலைதான்.

2009இல் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கியிருந்தேன். ஆறு அறைக்காரர்கள் சேர்ந்து ஒரே பிராட்பேண்ட் இணைப்பை எடுத்திருந்தோம். அதில் ஒருவர் இரவு முழுவதும் படம் இறக்குவார். மற்ற ஐந்து பேருக்கும் மின்னஞ்சல்கூடத் திறக்காது. ரிச்சி தெருவில் ஒரு சின்னக் கடையில் பழைய லிங்க்சிஸ் ரவுட்டர் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். நீலமும் கறுப்புமான உடம்பு, பின்னால் இரண்டு ஆன்டெனா, அடியில் ஒட்டியிருந்த தாளில் டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பெயர். கடைக்காரர் தாளில் இருந்த கடைசி எழுத்தைத் தட்டிக் காட்டி, "எல் இருக்கிறது பாருங்கள், இதற்குத்தான் கிராக்கி" என்றார். அந்த எல் என்பது லினக்ஸ் என்ற இயங்குதளம். அதில் நிறுவனம் போட்டுக் கொடுத்த மென்பொருளைத் தூக்கிவிட்டு ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற, யாரும் பார்த்து மாற்றக்கூடிய கட்டற்ற மென்பொருளை ஏற்றினேன். படம் இறக்குகிறவருக்கு இவ்வளவு, மற்றவர்களுக்கு இவ்வளவு என்று இணைப்பைப் பங்கு பிரித்தேன். மேன்ஷனில் அமைதி திரும்பியது. விளக்கா? ஒரு கோப்பில் பூஜ்யம் என்று எழுதினால் அணைந்துவிடும். இரவு பத்து மணிக்குத் தானாக அணைந்து காலையில் எரியும்படிகூட வைத்திருந்தேன், வேறு வேலை இல்லாத வயது.

அறுபது, எழுபது டாலருக்கு விற்ற ஒரு வீட்டு உபயோகப் பெட்டிக்குள் யார் வேண்டுமானாலும் புகுந்து வேலை செய்ய எப்படி முடிந்தது? லிங்க்சிஸ் தாராள மனதோடு திறந்துவிட்டது என்றுதான் பல நாள் நினைத்திருந்தேன். உண்மை வேறு.

அந்தக் குடும்பத்தின் மூத்த பெட்டி, கடைசி எழுத்தான எல் இல்லாத டபிள்யூஆர்டி54ஜி, 2002 டிசம்பரில் சந்தைக்கு வந்தது. நன்றாக விற்றது. 2003இல் லிங்க்சிஸை சிஸ்கோ என்ற பெரிய நிறுவனம் 50 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு ஜூனில், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதுகிறவர்களின் அஞ்சற்குழுவில் ஒருவர், அந்தப் பெட்டிக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே லினக்ஸ் இருக்கிறது, நிரலர்கள் எழுதிய வடிவமான மூல நிரலை மட்டும் எங்கும் காணவில்லை என்று எழுதினார். லினக்ஸ் இருப்பது குற்றமில்லை. லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் என்ற பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வருகிறது. அதைப் பெட்டிக்குள் வைத்து விற்கலாம், லாபம் பார்க்கலாம், யாருக்கும் ராயல்டி கொடுக்க வேண்டாம். வாங்குகிறவர் கேட்டால் மூல நிரலைத் தர வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்யவில்லை.

சிஸ்கோவில் இருந்தவர்களுக்கே இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். சிஸ்கோ லிங்க்சிஸை வாங்கியது. லிங்க்சிஸ் பிராட்காமின் சில்லை வாங்கியது. சில்லோடு சேர்ந்து வந்த மென்பொருளை வேறு எங்கோ இருந்த வேறு யாரோ எழுதியிருந்தார்கள். வில்லங்கம் பார்க்காமல் நிலம் வாங்கியவர் நிலைமைதான். பத்திரம் கையெழுத்தாகிப் பணமும் கைமாறிய பிறகு, பாதை உரிமை ஊருக்கு உண்டு என்ற பழைய ஏற்பாடு வெளியே வருகிறது. வழி விட்டாக வேண்டும். சில மாத இழுபறிக்குப் பிறகு அதே 2003இல் மூல நிரல் வெளியே வந்தது. அதை அடித்தளமாகக் கொண்டு 2004இல் ஓப்பன்-டபிள்யூஆர்டி தொடங்கியது.

அதன் பிறகும் கதை நேராகப் போகவில்லை. 2005 இறுதியில் வந்த ஐந்தாம் பதிப்புப் பெட்டியில் லினக்ஸைத் தூக்கிவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற மூடிய மென்பொருளைப் போட்டார்கள். நினைவகம் 16 மெகாபைட்டிலிருந்து 8 ஆகவும், ஃபிளாஷ் சேமிப்பகம் 4 மெகாபைட்டிலிருந்து 2 ஆகவும் குறைந்தன. பழையதே வேண்டும் என்றவர்களுக்காகத்தான், பழைய அளவுகளோடு கடைசியில் எல் சேர்த்த பெட்டி தனியாக வந்தது. புதிய தொழில்நுட்பங்கள் எத்தனையோ வந்த பிறகும் அந்தப் பழைய பெட்டி பத்து ஆண்டுகளுக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. திறந்து கொடுத்தால் தொழில் படுத்துவிடும் என்று பேசுகிறவர்கள் யாராவது இதற்கு விளக்கம் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். இதற்கிடையில், வேறு பொருள்களில் இதே தவறு தொடர்கிறது என்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 டிசம்பரில் சிஸ்கோமீது நியூயார்க்கில் வழக்குப் போட்டது. 2009 மே மாதம் சமரசம் ஆனது. உரிம நிபந்தனைகள் பின்பற்றப்படுகின்றனவா என்று கவனிக்க லிங்க்சிஸுக்கென்று ஓர் அதிகாரியை நியமிக்க சிஸ்கோ ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டில்தான் நான் ரிச்சி தெருவில் பேரம் பேசிக்கொண்டிருந்தேன், இது எதுவும் தெரியாமல்.

இந்தக் கதையை என் மச்சானிடம் சொன்னபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி. "லினக்ஸ் இலவசம்தானே மாப்பிள்ளை? ஓசியில் கிடைத்ததற்கு என்ன நிபந்தனை?"

ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் தீராத தலைவலி. காசில்லாததற்கும் கட்டில்லாததற்கும் அங்கே ஒரே சொல். தமிழில் நமக்கு அந்த நெருக்கடி இல்லை, தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. இருந்தும் மச்சான் இலவசம் என்றுதான் சொல்கிறார். 2011இல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோது இலவசம் என்று சொல்லாமல் விலையில்லா என்று பெயர் வைத்தார்கள். குடும்ப அட்டைக்கு வந்த அந்த மிக்ஸி எங்கள் வீட்டில் இன்றும் ஓடுகிறது. அதற்கு நாங்கள் காசு கொடுக்கவில்லை. ஆனால் அது முழுக்க எங்களுடையது. கப்ளர் தேய்ந்தபோது தென்னூரில் ஒரு மிக்ஸி ரிப்பேர் கடையில் கொடுத்தோம். அவர் நான்கு திருகுகளைக் கழற்றினார், கார்பன் பிரஷ்ஷையும் சேர்த்து மாற்றினார், அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டார். மிக்ஸி செய்த கம்பெனியிடம் அவரும் அனுமதி கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நான் காசு கொடுத்து வாங்கிய இணையப் பெட்டி அப்படியில்லை. ரசீது என் பெயரில்தான் இருக்கிறது, விளக்கை அணைக்கும் அதிகாரம் மட்டும் வேறு யாரிடமோ இருக்கிறது. கட்டற்ற என்ற சொல்லை மச்சானுக்கு விளக்க எனக்கு அந்த மிக்ஸியை விட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. அவர் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

நிபந்தனை எதற்கு என்ற அவருடைய கேள்வியின் அடுத்த பாதி இன்னும் நல்லது. கட்டற்றது என்றால் நிபந்தனையே இருக்கக் கூடாதே?

ஜிபிஎல் உரிமத்தை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இதற்கு அனுபவத்தில் விடை கண்டவர். எம்ஐடி பல்கலைக்கழகத்தில் காகிதம் சிக்கும் அச்சுப்பொறியோடு அவர் பட்ட பாட்டை எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்த ஆசை எவ்வளவு சின்னது என்பதுதான். காகிதம் சிக்கினால் ஒரு செய்தி வர வேண்டும், அதற்குத் தேவையான மூல நிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. என் நீல விளக்கைப் போலத்தான். ஆனால் உரிமம் பிறந்ததற்கு அதைவிட நேரடியான காரணம் ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பி. ஜேம்ஸ் காஸ்லிங் யூனிக்ஸ் கணினிகளுக்கு எழுதிய ஈமாக்ஸ் தொடக்கத்தில் கைமாறிக் கைமாறிப் பரவியது. பிறகு அவர் அதை யூனிபிரஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றார். அதிலிருந்து சில பகுதிகளை எடுத்துத் தன் ஈமாக்ஸில் வைத்திருந்த ஸ்டால்மன், அவற்றை நீக்கிவிட்டுப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. நம்பிக்கையில் பகிர்ந்தது ஒரு விற்பனைப் பத்திரத்தில் முடிந்தது. பிறகு அவர் தன் நிரல்கள் ஒவ்வொன்றோடும் நிபந்தனைகளைச் சேர்த்தார். அவை திரண்டு 1989 பிப்ரவரியில் ஜிபிஎல் முதல் பதிப்பாகவும், 1991 ஜூனில் இரண்டாம் பதிப்பாகவும் வந்தன.

முள்ளை முள்ளால் எடுத்த வேலை அது. பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் அனுமதியில்லாமல் பிரதி எடுக்க முடியாது. நம்முடைய 1957ஆம் ஆண்டுச் சட்டமும் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில்தான் சேர்த்திருக்கிறது. அந்தக் கணக்கில் என் வீட்டுச் சுவரில் தொங்குவதும் இலக்கியம்தான், நீல விளக்கோடு. அந்த அனுமதியை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒன்றைக் கேட்கிறது ஜிபிஎல். உனக்குக் கிடைத்த அதே சுதந்திரத்தை உன்னிடமிருந்து வாங்குகிறவருக்கும் கொடு. கொடுக்காவிட்டால் அனுமதி ரத்து, நீ வெறும் பிரதி திருடியவன். இந்த முறைக்குத் தமிழில் அளிப்புரிமை என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் இப்படிக் கேட்பதில்லை. பெயரைப் போடு, என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று விட்டுவிடுகின்றன. நிரலர்களுக்கு அவை வசதி, நானும் சின்னச் சின்னக் கருவிகளுக்கு அவற்றைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அந்தத் தாராளம் எங்கே போய் முடியும் என்பதற்கு ஆண்ட்ரூ டேனன்பாம் சாட்சி. மாணவர்களுக்குப் பாடம் நடத்த அவர் எழுதிய மினிக்ஸ் என்ற இயங்குதளம் பிஎஸ்டி உரிமத்தில் இருந்தது. அதன் ஒரு வடிவத்தை இன்டெல் தன் சில்லுகளுக்குள் இருக்கும் நிர்வாக இயந்திரம் என்ற துணைக் கணினியில் வைத்தது. உலகத்தின் எண்ணற்ற கணினிகளுக்குள் தன் மென்பொருள் ஓடுகிறது என்பதை எழுதியவரே 2017இல்தான் தெரிந்துகொண்டார். சட்டப்படி சொல்ல வேண்டியதில்லை, சொல்லியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும் என்ற தொனியில் இன்டெலுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். கணினியை வாங்கியவருக்கோ உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்கவும் வழியில்லை. அந்த உரிமம் கொடுத்த சுதந்திரம் இன்டெலோடு நின்றுவிட்டது. ஜிபிஎல் கடைசி ஆள்வரை போய்ச் சேரப் பார்க்கிறது, அதனால்தான் அது கொஞ்சம் கறாராகப் பேசுகிறது.

கடைசி ஆள் நான். டேப் ஒட்டிய சில நாளில், பெட்டியோடு வந்த கையேட்டைப் பரணிலிருந்து எடுத்தேன். பன்னிரண்டு மொழிகளில் மின்சார எச்சரிக்கை. அதற்குப் பின்னால், யாரும் படிக்கக் கூடாது என்றே தீர்மானித்து அச்சிட்டது போன்ற பொடி எழுத்தில், ஜிபிஎல் உரிமத்தின் முழுப் பாடம். அதன் முடிவில் ஒரு வரி: மூல நிரல் வேண்டுவோர் மூன்று ஆண்டுக்குள் இந்த முகவரிக்கு எழுதலாம். இரண்டாம் பதிப்பின் மூன்றாம் பிரிவில் இருக்கும் ஏற்பாடு அது. நிரலைப் பெட்டியோடு கொடுக்காவிட்டால், கேட்கும் எவருக்கும் அனுப்பும் செலவுக்கு மேல் வாங்காமல் தருவேன் என்று எழுத்தில் வாக்குக் கொடுக்க வேண்டும்.

எழுதினேன். முதல் மின்னஞ்சலுக்கு நான்கு நாளில், உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, எந்த விண்டோஸ் பயன்படுத்துகிறீர்கள், திரையைப் படம் பிடித்து அனுப்புங்கள் என்று வந்தது. அம்மா ஒரு நாள் கேட்டார்: "பெட்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? யாரோடு சண்டை போடுகிறாய்?"

எனக்கும் சலித்துவிட்ட நேரத்தில்தான் விசியோ வழக்கைப் படித்தேன். அதுவரை ஜிபிஎல் வழக்குகளைத் தொடுத்தவர்கள் பெரும்பாலும் நிரலை எழுதியவர்கள். ஜெர்மனியின் ஹரால்ட் வெல்டே, வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் லினக்ஸின் தீச்சுவரான நெட்ஃபில்டரை எழுதியவர்களில் ஒருவர், 2004இல் சைட்காம் என்ற ரவுட்டர் நிறுவனத்துக்கு எதிராக மியூனிக் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். ஜிபிஎல் வெறும் வேண்டுகோள் அல்ல, செல்லுபடியாகும் உரிமம் என்று நீதிமன்றம் சொன்னது அங்கேதான். ஆனால் 2021 அக்டோபரில் மென்பொருள் சுதந்திரக் காப்பமைப்பு கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் விசியோ தொலைக்காட்சி நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கு வேறு மாதிரி. எழுதியவர்கள் சார்பில் வரவில்லை, தொலைக்காட்சி வாங்கிய வாடிக்கையாளராக வந்திருக்கிறோம் என்றார்கள். நஷ்ட ஈடு கேட்கவில்லை, மூல நிரலைத்தான் கேட்டார்கள். இது பதிப்புரிமை விவகாரம், கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்றது விசியோ. அங்கே போனது. ஒப்பந்த விவகாரமும் இருக்கிறது என்று 2022இல் மாநில நீதிமன்றத்துக்கே திரும்பியது. விசாரணை இல்லாமலே தள்ளுபடி செய்யுங்கள் என்ற விசியோவின் மனுவை 2023 இறுதியில் நீதிபதி ஏற்கவில்லை.

ஒரு வரி நிரல்கூட எழுதாதவருக்கும், ரசீது மட்டும் கையில் வைத்திருப்பவருக்கும் கேட்கும் தகுதி உண்டா என்பதுதான் அங்கே கேள்வி. அது அமெரிக்க நீதிமன்றம், அதன் தீர்ப்பு திருச்சியில் என்னைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அன்று மாலையே ரசீதைப் பிரதியெடுத்து, கையேட்டின் பக்கத்தையும் பிரதியெடுத்து, குறுந்தகட்டுச் செலவையும் அஞ்சல் செலவையும் நானே தருகிறேன் என்று சேர்த்து, விரைவு அஞ்சலில் மூன்றாவது கடிதத்தை அனுப்பினேன்.

ஏழு வாரம் கழித்து ஓர் இணைப்பு வந்தது. யாரோ ஒரு பொறியாளர் தன் வேலைக்கு நடுவே எனக்காகத் தேடி எடுத்திருக்கிறார் என்று தெரிந்தது. மனம் கொஞ்சம் இளகியது. இறக்கிப் பிரித்தேன். லினக்ஸ் கெர்னல் இருந்தது. பிஸிபாக்ஸ் என்ற கட்டற்ற கருவித் தொகுப்பு இருந்தது. வெல்டேயின் பெயர் போட்ட கோப்புகளும் இருந்தன. என் சுவரில் தொங்கும் பெட்டிக்குள் மியூனிக் வழக்கின் சொந்தக்காரர் பெயர். அதை மட்டும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நிரலை ஓடக்கூடிய மென்பொருளாகத் தொகுக்க முயன்றேன். பதினேழாம் நிமிடத்தில் நின்றது. தொகுப்பதற்கும் நிறுவுவதற்கும் வேண்டிய குறுநிரல்கள் அதில் இல்லை. அவையும் மூல நிரலின் பகுதி என்று உரிமம் வெளிப்படையாகவே சொல்கிறது. அரிசி, உளுந்து எல்லாம் கொடுத்துவிட்டு அளவு சொல்லாமல் விட்டதைப் போல இருந்தது. அதையும் கேட்டு எழுதினால், அதன்பின் ஒரு தடை இருக்கிறது. நான் தொகுக்கும் ஃபர்ம்வேரில் நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பம் இருக்காது, கையொப்பம் இல்லாததைப் பெட்டி ஏற்காது. டிவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுக் கருவி செய்த அதே தந்திரம். மூல நிரலைக் கொடுப்பார்கள், மாற்றியதை ஓட்ட விடமாட்டார்கள். அதைத் தடுக்கத்தான் 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு, வீட்டு உபயோகப் பொருள் என்றால் நிறுவுவதற்கான தகவலையும் கொடு என்கிறது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு உடன்படவில்லை, கெர்னல் இரண்டாம் பதிப்பிலேயே நிற்கிறது. வன்பொருளை எப்படிச் செய்வது என்பது செய்கிறவர் விருப்பம் என்பது அவர் வாதம். அவருடைய இடத்திலிருந்து பார்த்தால் அது சரியாக இருக்கலாம். எங்கள் ஹாலிலிருந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

பழைய எல் பெட்டியையே மாட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். அதன் 4 மெகாபைட்டில் இன்றைய ஓப்பன்-டபிள்யூஆர்டி அடங்காது, ஃபைபரின் வேகத்தையும் அது தாங்காது. அலமாரியில் தூசி தட்டி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

குறுநிரல்கள் எங்கே என்று கேட்டு நான்காவது கடிதம் போன வாரம் போயிருக்கிறது. மூன்றாண்டுக் கெடு முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

இந்தச் சித்திரை வெயிலில் டேப்பின் பசை இளகி, துண்டு மெல்லக் கீழே சரிந்துவிட்டது. பாதிக் கண் திறந்திருந்தது. புது டேப் வாங்கி வர மறந்துபோய், இரவு ஹாலுக்கு வந்து பார்த்தேன். இருட்டாகத்தான் இருந்தது. பெட்டியின் நெற்றியில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்று, மெரூன் நிறம், கொஞ்சம் பெரியது. அப்பா ஒட்டியிருக்கிறார்.